பின்னால் இழுத்தால் குறையும்

“அந்த வண்டியோட கடைசி ஒரு நிமிஷப் பதிவை அச்செடுத்துக் குடுங்க. இப்பவே. இவங்க எல்லார் முன்னாடியும்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது சொன்னார். செருப்பு மாட்டும்போது சொன்னார். அன்று காலை பேருந்தில், என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். “கையெழுத்துப் போடறோம், வந்துடறோம். பதிவு கிதிவுன்னு ஆரம்பிச்ச, நான் உனக்கு அப்பன் இல்ல.” சரி என்று தலையாட்டினேன். எனக்குப் பொய் நன்றாக வரும். அவருக்குத்தான் வராது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

கார் சர்வீஸ் பட்டறையின் மூலையில் ஒரு கண்ணாடி அறை. கிரீஸ் நாற்றம் உள்ளே வந்துவிடக் கூடாது என்று ஏசி போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பட்டறை மேனேஜர். வெளியே பத்துப் பேர் முழங்கை வரைக்கும் எண்ணெயோடு வேலை பார்க்கும் இடத்தில் அவர் டை கட்டியிருந்தார். மனதுக்குள் அவருக்கு டை என்றே பெயர் வைத்தேன். சோபாவில் அப்பாவின் முதலாளி, கால் மேல் கால். ஓரத்தில் இன்சூரன்ஸ் சர்வேயர், மடியில் கோப்பு. அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்திலேயே நாற்காலி காலியாக இருந்தது. உட்காரச் சொல்ல ஆளில்லை. சொன்னாலும் உட்கார மாட்டார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

மேசையில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள். ‘வண்டி ஓட்டும்போது அயர்ந்து தூங்கிவிட்டேன். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை.’ போலீஸிலும் இதையேதான் சொல்லியிருந்தார். இங்கேயும் எழுதிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. தூங்கி ஒரு மனிதனைக் கொன்ற டிரைவர். லைசென்ஸ் இனி இந்த ஜென்மத்துக்குக் கிடையாது. ஜெயில் உண்டு.

“யாரு இந்தப் பொண்ணு?” என்றார் டை.

“நம்ம டிரைவர் பொண்ணு. இன்ஜினியர்.” ஒரு குழந்தை போலீஸ் வேஷம் போட்டு வந்திருப்பதைச் சொல்வது போல முதலாளி அந்த வார்த்தையைச் சொன்னார். பத்தொன்பது வருடமாக அப்பாவை ‘டிரைவர்’ என்று மட்டுமே கூப்பிடுகிறவர். பெயர் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

“பதிவெல்லாம் கேட்டவங்களுக்கெல்லாம் குடுக்க முடியாதும்மா. அதுக்கு ஒரு முறை இருக்கு.”

“தெரியும் சார். நானும் வேற பட்டறைல இதே வேலைதான் பாக்கறேன். வண்டிக் கம்ப்யூட்டர்ல கேபிளை மாட்டினா பத்து நிமிஷம்.” சர்வேயர் பக்கம் திரும்பினேன். “தூங்கிட்டாருன்னு எழுதி வாங்கறீங்க. தூங்கினவர் கால் பிரேக்குல இருந்துச்சா இல்லையான்னு பாத்தீங்களா சார்?”

சர்வேயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கேக்காம இருந்திருந்தா நானும் பேசாம போயிருப்பேன். பொண்ணு கேட்டுடுச்சே. எடுத்துடுங்க மேனேஜர்.”

“கண்ணு, வேணாம்டா,” என்றார் அப்பா. அவர் குரல் எனக்கு எரிச்சலாக இருந்தது.

முதலாளி சிரித்தார். “எடுங்கய்யா. என்ன பூதமா கிளம்பப் போகுது? நான் பின்சீட்லதானே இருந்தேன்.”

டை வெளியே போனார். நாங்கள் காத்திருந்தோம்.

*

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால், பிற்பகல் மூன்று மணிக்கு, முதலாளியையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு அப்பா மலைப்பாதையில் இறங்கி வந்தார். அடிவாரத்துக்கு முந்தைய வளைவில் வண்டி நிற்கவில்லை. சாலையோரக் கற்களுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஓர் ஆளைச் சேர்த்து அடித்துக்கொண்டு பாறையில் போய் மோதியது. பின்சீட்டு இரண்டு பேருக்கும் கீறல் கூட இல்லை. வெள்ளையடித்தவர் இரண்டு நாள் கிடந்து செத்தார்.

எட்டாம் நாள் அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே கண்ணால் அப்பாவைத் தேடினாள். அப்பா எழுந்து நின்றார்.

“தூங்கினது நீங்கதானா?”

அப்பா தலையாட்டினார்.

“நல்லாத் தூக்கம் வந்துச்சாண்ணே?”

கத்தவில்லை. ஏதோ உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது போலக் கேட்டாள். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? “ஆமாம்மா” என்றார். ஆமாம்மா! அவள் எங்கள் வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனாள். அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது இது பொய் என்று. பதினொரு வருடம் லாரி, பத்தொன்பது வருடம் கார் ஓட்டியவர். தூக்கம் வந்தால் ஓரங்கட்டிவிட்டு முகம் கழுவுகிற ஆள். வீட்டிலேயே நாற்காலியில் சாய்ந்து தூங்கத் தெரியாது. அவரை யாரோ இப்படிச் சொல்ல வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அந்த முதலாளிதான். பிரேக்கில் ஏதோ பழுது, சர்வீஸ் விட்டிருக்க மாட்டான், தன் தலைக்கு வராமல் இருக்க டிரைவர் தலையில் கட்டிவிட்டான். இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். “ஜெயிலுக்குப் போய்ட்டு வந்ததும் கேட்ல காவலுக்கு உக்காரச் சொல்லியிருக்காருடா. பெரிய மனசு,” என்று அப்பா வேறு சொன்னாரா, சந்தேகமே போய்விட்டது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அது என் பெருமை. மலை இறங்குவதற்கு அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

முதலாளி வாங்கிய முதல் ஆட்டோமேட்டிக் வண்டி அது. வந்த நாளிலிருந்தே அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. இடது கால் சும்மா கிடக்கிறது, இடது கை கியரைத் தேடுகிறது. முதலாளியின் மனைவி, மேடம், அதையும் பார்த்துவிட்டு, “என்ன டிரைவர், எதையாவது தொலைச்சுட்டீங்களா?” என்று கேட்டு, பின்சீட்டில் இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். மலைக்குப் போக வேண்டும் என்று சொன்ன வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, என்னிடம் வந்து சமையலறை வாசலில் தயங்கி நின்றார். என் வாழ்க்கையில் அப்பா என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டது அன்றைக்குத்தான்.

“ஏறும்போது கவலையில்ல கண்ணு. எறங்கறப்ப கியர் புடிச்சு நிறுத்தலைன்னா பிரேக் சூடாகிக் கஞ்சியாயிடும். இந்த வண்டி அதுவா கியரைப் போட்டுக்குது. நான் எதைப் புடிக்கறது?”

“அதுக்குத்தான்பா மேனுவல் மோட் இருக்கு. ஆட்டோமேட்டிக்கா இருந்தாலும் கியரை உங்க கையிலயே எடுத்துக்கலாம்.”

அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். இடது பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் டார்ச் லைட்டை நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். அதுதான் கியர். “முதல்ல பக்கத்துல தள்ளுங்க. மேனுவலுக்கு வந்தாச்சு. இனிமே முன்னால தள்ளினா கியர் கூடும். பின்னால இழுத்தா குறையும். எறக்கத்துல இழுத்துக்கிட்டே வாங்க. நாலு, மூணு, ரெண்டு. வேகம் அதிகமா இருந்தா வண்டி ஒத்துக்காது, பீப்னு கத்தும். பயந்துடாதீங்க. பிரேக்கை மிதிச்சுட்டுத் திரும்ப இழுங்க. விழற வரைக்கும் இழுங்க.”

“முன்னால கூடும். பின்னால குறையும். கத்தினா திரும்ப இழுக்கணும்.” பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொல்லிப் பார்த்தார். டார்ச்சை நாலைந்து முறை இழுத்தார்.

“டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு எந்த ஊருக்குப் பயணம் ரெண்டு பேரும்?” என்றாள் அம்மா, வெங்காயம் உரித்தபடி.

“ஒரு தடவை வண்டியிலயே வந்து காட்டறியாம்மா?” என்ற அப்பா, உடனே தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். டிரைவர் வீட்டு ஆட்கள் அந்த வண்டியில் ஏறக் கூடாது. பள்ளிக்கூட நாளில் ஒருமுறை மழைக்குப் பழைய வண்டியில் என்னை ஏற்றியதற்காக சீட்டை மாற்றியவர்கள் அவர்கள். சரி, சாதாரணச் சாலையில் தானே ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. மேனுவலில் இன்ஜின் சத்தம் போடும், மேடத்துக்குத் தலை வலிக்கும், அந்தப் பக்கம் கை போகக் கூடாது என்று கட்டளை.

“எல்லா வண்டியிலயும் இப்படித்தானா கண்ணு?” என்று கடைசியாகக் கேட்டார்.

“எல்லா வண்டியும் ஒண்ணுதாம்பா. நாலு வருஷம் என்ன மாடு மேய்க்கவா படிச்சேன்?”

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் அவர் கேட்பாரா?

*

டை திரும்பி வந்தார். கையில் இரண்டு தாள். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

“தூங்கலை சார் உங்க டிரைவர்,” என்றார் முதலாளியிடம். “நல்லா முழிச்சுக்கிட்டுதான் இருந்திருக்கார். பிரேக் முழுசா மிதிச்சிருக்கு. ஆனா பிரேக் அதுக்கு முன்னாடியே சூடாகி இளகியிருக்கு. அது இல்ல விஷயம். இதைப் பாருங்க. மேனுவலுக்குப் போயிருக்கார். போய், இறக்கத்துல கியரை ஏத்தியிருக்கார்!”

சர்வேயர் எட்டிப் பார்த்தார்.

“மூணு. பிளஸ், நாலு. பிளஸ், அஞ்சு. பிளஸ், ஆறு. அதுக்கு மேல கியரே இல்ல. வண்டி பீப் அடிக்குது. அப்பவும் விடலை மனுஷன். பிளஸ், பிளஸ், பிளஸ், பிளஸ். மொத்தம் ஏழு தடவை. கூட்டல் எது கழித்தல் எதுன்னே தெரியலை சார் பெரியவருக்கு!”

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். “நான் சொல்லலை? மலையில எறங்கச் சொன்னா இந்தாளு ராக்கெட் விட்டிருக்கான்.”

ஒருத்தர் செத்த கதைக்கு அப்படிச் சிரித்தார்கள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். டை சொன்னது சரிதான். ஒவ்வொரு வரியிலும் வேகம் ஏறியது. நாற்பத்தாறு, ஐம்பத்து மூன்று, அறுபத்திரண்டு. ஒவ்வொரு வரியிலும் பிரேக் முழு அழுத்தம். ஏழு பிளஸ். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரிடமும் சொல்லாமல் அறையை விட்டு வெளியே போனேன். பட்டறைக் கோடியில் தார்ப்பாய்க்குக் கீழே அந்த வண்டி நின்றது. முன்பக்கம் நசுங்கி, கண்ணாடி நொறுங்கி. பம்பர் மேல் காய்ந்த வெள்ளைச் சுண்ணாம்பு. டிரைவர் பக்கக் கதவு பாதி திறந்தது. என் வாழ்நாளில் முதல்முறையாக அந்த வண்டிக்குள் தலையை நுழைத்தேன்.

கியர்க் கம்பிக்கு மெரூன் வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். அதன் கீழ்ப்பகுதி பாவாடை மாதிரி விரிந்து, கம்பியைச் சுற்றியிருந்த தகடு முழுவதையும் மூடியிருந்தது. அப்பா சொல்லியிருக்கிறார். மேடமும் எப்போதாவது ஓட்டுவார்கள், டிரைவர் கை வேர்வை ஒட்டுகிறது என்று போட்டது. தான் ஓட்டும்போது மேடம் கழற்றிக்கொள்வார்கள். அப்பா கழற்றக் கூடாது.

கழற்றினேன். பிசுபிசுப்பாக வந்தது.

தகட்டில் மேனுவல் பக்கம் இரண்டே குறி. முன்னால் கழித்தல். பின்னால் கூட்டல்.

நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வருவது ஒரே கம்பெனி வண்டி. அதில் முன்னால் கூட்டல், பின்னால் கழித்தல். வேறு கம்பெனி வண்டியில் நான் உட்கார்ந்ததே இல்லை. எல்லா வண்டியும் ஒண்ணுதாம்பா.

முப்பது வருடமாகக் காதால் கியர் பார்த்தவர் அப்பா. பக்கத்துத் தெருவில் லாரி போனால் எந்தக் கியரில் போகிறது என்று சொல்வார். முதல் இழுப்பிலேயே இன்ஜின் பிடி தளர்ந்தது அவருக்குக் கேட்டிருக்கும். கேட்காமல் இருக்க வாய்ப்பே இல்லை. அப்புறம் பீப். கத்தினால் திரும்ப இழுக்க வேண்டும். இழுத்தார். தன் காதை நம்பவில்லை, என்னை நம்பினார். ஏழு தடவை.

எதிரே ஒரு மனிதர் சுண்ணாம்பு வாளியோடு குனிந்திருக்க, அப்பா டார்ச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

*

நான் திரும்பி வந்தபோது டை தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். ‘தூங்கிவிட்டேன்’ என்பதை அடித்துவிட்டு ‘கவனக்குறைவால் தவறான கியரைப் போட்டேன்’ என்று எழுதலாமா என்று கேட்டார்.

“எதுவா இருந்தா என்ன? தூங்கினாலும் அவன்தான், முழிச்சிருந்தாலும் அவன்தான்,” என்றார் முதலாளி. “போட்டுட்டுக் கிளம்பு டிரைவர். நீயா வந்து முட்டாள்னு நிரூபிச்சுட்ட. உன் பொண்ணுக்குத்தான் நன்றி சொல்லணும்.”

சர்வேயர் மட்டும் பேனாவை மூடவில்லை. “ஒண்ணு புரியலை பெரியவரே. ஏழு தடவையும் ஏன் ஒரே பக்கமா இழுத்தீங்க?”

அப்பா மேசையில் பேனாவைத் தேடினார்.

“நான் சொன்னேன்,” என்றேன்.

உறையை மேசை மேல் போட்டேன். மேடத்தின் மெரூன் வெல்வெட் டையின் தாள் மேல் செத்த எலி மாதிரி கிடந்தது. “பின்னால இழுத்தா குறையும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். எங்க பட்டறை வண்டியில அப்படித்தான். இதுல தலைகீழ். குறி இதுக்கு அடியில இருந்துச்சு. இதைக் கழட்ட அவருக்கு உத்தரவு இல்ல, ஓட்டிப் பாக்கவும் உத்தரவு இல்ல. அதனாலதான் தூங்கிட்டேன்னு மூணு வாரமா...”

“அவ சும்மா சொல்றா சார்!” அப்பா இரண்டடி முன்னால் வந்தார். “எனக்கு யாரும் சொல்லித் தரலை. நானாதான் இழுத்தேன்.”

“டார்ச்சை வெச்சு...”

“வாயை மூடுடி!”

இருபத்து மூன்று வயது வரைக்கும் என்னை ‘டி’ போட்டுக் கூப்பிடாத மனிதர். “நீ என்ன பெரிய இவளா? ரெண்டு எழுத்துப் படிச்சுட்டா எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருவியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஸ்டியரிங் புடிச்சவன் நான். பொட்டச்சி சொல்லி நான் கியர் போடுவேனா? வெளிய போ. இங்க நிக்காத. போ!”

முதலாளிக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது. “அப்படிப் போடு டிரைவர். பத்தொன்பது வருஷத்துல இன்னைக்குத்தான் உனக்குக் குரலே வந்திருக்கு.”

நான் அப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் அந்த மூன்று பேர் காதுக்காகத்தான். எனக்கு அது புரிந்தது, புரிந்ததால் கோபம் இன்னும் அதிகமானது. என்னைக் காப்பாற்றுகிறாராம். யார் கேட்டது? என் பெயரை மறைக்க, செத்தவன் பெண்டாட்டியிடம் நல்லாத் தூங்கினேன் என்று சொல்லியிருக்கிறார். அவள் வாழ்நாள் முழுக்க, தன் புருஷனைக் கொன்றது ஒருத்தன் தூக்கம் என்று நினைத்துக்கொண்டு கிடப்பாள். நான் என் பட்டறையில் கணினி முன்னால் உட்கார்ந்து சம்பாதித்துக்கொண்டிருப்பேன். அவர் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்து இந்த ஆளின் கேட்டைத் திறந்து மூடுவார். அருமையான ஏற்பாடு.

“போலீஸ்ல நீ இதைச் சொன்னா உன் வேலை போயிடும்,” என்றார் அப்பா, இப்போது குரல் இறங்கி, எனக்கு மட்டும் கேட்கும்படி. “உன்னையும் கேஸ்ல சேப்பாங்கடா. படிச்ச படிப்பு வீணாயிடும். நான் வயசானவன், எனக்கென்ன.”

“உங்களுக்கென்னவா? உங்களுக்கு முதுகெலும்பே இல்லைப்பா. அதான் உங்களுக்கு.”

அடி வாங்கியவர் மாதிரி நின்றார். வேண்டுமென்றேதான் சொன்னேன். இரக்கமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே அழுது, அவர் சொன்னபடி கேட்டிருப்பேன்.

பதிவுத் தாள்களை மடித்துப் பையில் வைத்தேன். “அது எங்க காப்பி,” என்றார் டை. “இன்னொன்னு அச்சடிச்சுக்கோங்க, மெஷின் இருக்குல்ல,” என்றேன். வெல்வெட் உறையையும் எடுத்துக்கொண்டேன்.

“உங்க வாக்குமூலத்தை நான் எழுதிக்கவாம்மா?” என்று சர்வேயர் கேட்டார்.

“ஸ்டேஷன்ல எழுதறேன் சார். அங்க வந்து பாத்துக்கோங்க.”

“ஏய் இன்ஜினியரம்மா,” முதலாளி சிரிப்பை நிறுத்தியிருந்தார். “அந்த உறை எங்க வீட்டுச் சாமான்.”

“மேடத்தை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. எதுக்குப் போட்டாங்கன்னு அவங்களும் ஒரு வரி எழுதணும்ல.”

அப்பா பேனாவை எடுத்தார். நான் கதவை எட்டுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று அவசரம். மாவுக்கட்டுக் கையால் தாளை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. தாள் நழுவியது. டை பெரிய மனது பண்ணி ஒரு விரலால் பிடித்துக்கொடுத்தார். போடட்டும். எத்தனை தாளில் வேண்டுமானாலும் போடட்டும். தூங்கினேன் என்று எழுதட்டும், நானாக இழுத்தேன் என்று எழுதட்டும். நான் எழுதப் போவதற்கு முன்னால் அது நிற்காது.

கதவைத் தள்ளினேன். வெளியே கிரீஸ் நாற்றம். யாரோ சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவு மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும் வகை. அது மூடி முடிப்பதற்குள் பின்னாலிருந்து “கண்ணு, நில்லுடா” என்றார். மறுபடியும் “நில்லுடா” என்றார்.

நான் சாலையைக் கடந்துகொண்டிருந்தேன்.